நான்காவது ரவுண்டும் கோத்தகிரி பஸ்ஸும்

குன்னூரில் போகிமான் கார்டு போட்டி நடத்த இடம் கேட்டு அலைந்த நாட்களில், ஒரு சின்ன மண்டபத்தின் பொறுப்பாளர் என் கையிலிருந்த கார்டுக் கட்டைப் பார்த்ததுமே முகம் மாறினார். "சீட்டாட்டத்துக்கெல்லாம் எடம் தர்றதில்லைங்க." பிள்ளைகள் ஆடுவது, பிகாச்சு படம் போட்டது, காசு வைப்பதில்லை என்று நான் சொல்லச் சொல்ல அவருக்குச் சந்தேகம் கூடிக்கொண்டே போனது. அவரைக் குறை சொல்வதற்கில்லை. தமிழில் சீட்டு என்றால் ஒன்று ரம்மி, இல்லாவிட்டால் ஏலச்சீட்டு. இரண்டிலும் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

ட்ரேடிங் கார்டு கேம் வேறு ரகம். ரம்மியில் எல்லோருக்கும் நடுவில் ஒரே கட்டு. இங்கே ஆளுக்கொரு கட்டு, அதையும் வீட்டில் உட்கார்ந்து அவரவரே தேர்ந்து சேர்த்துக்கொண்டு வர வேண்டும். 1993இல் ரிச்சர்ட் கார்ஃபீல்டு என்ற கணிதக்காரர் உருவாக்கிய 'மேஜிக்: த கேதரிங்' இந்த வகையைத் தொடங்கிவைத்தது. 1996இல் ஜப்பானில் போகிமான் கார்டுகள் வந்தன. ஆளுக்கொரு கட்டு என்றேனே, அதற்குப் பெயர் டெக். போகிமானில் டெக் என்றால் சரியாக 60 கார்டு. ஒரே பெயரில் 4க்கு மேல் வைக்கக் கூடாது, போகிமான் தாக்குவதற்குச் சக்தி தரும் அடிப்படை எனர்ஜி கார்டுக்கு மட்டும் அந்த வரம்பு இல்லை. ஆட்டம் தொடங்கும்போது ஒவ்வொருவரும் தன் டெக்கிலிருந்து 6 கார்டைப் பிரைஸ் கார்டு என்று கவிழ்த்து வைப்பார்கள். எதிராளியின் போகிமானை வீழ்த்த வீழ்த்த அதிலிருந்து எடுத்துக்கொண்டே போகலாம். முதலில் ஆறையும் எடுத்து முடித்தவர் ஜெயித்தார். ஜெயிக்க வேறு வழிகளும் உண்டு, இந்தக் கட்டுரைக்கு இது போதும்.

எங்கள் தலைமுறைக்குச் சிப்ஸ் பாக்கெட் டாசோவும் மல்யுத்த வீரர்கள் படம் போட்ட ட்ரம்ப் கார்டும்தான் இதன் முன்னோடி. இப்போது வரும் பிள்ளைகளில் பாதிப்பேர் 2024 அக்டோபரில் வந்த 'போகிமான் டிசிஜி பாக்கெட்' என்ற மொபைல் ஆட்டத்தின் வழியாக வருகிறார்கள். அதில் டெக்குக்கு 20 கார்டுதான். நிஜ மேசையில் 60 கார்டைக் கையில் கொடுத்தால் முதலில் மலைத்துப் போவார்கள். அப்புறம் யார் யார்? வெலிங்டன் ராணுவக் குடியிருப்புப் பிள்ளைகள், அருவங்காட்டிலிருந்து அண்ணனும் தங்கையும், போர்டிங் பள்ளியில் அவுட்டிங் கிடைத்த நாளில் மட்டும் தலைகாட்டுகிறவர்கள், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்க மலைக்கு வந்து தங்கிவிட்ட சிலர், கோத்தகிரிப் பக்கம் தேயிலை வைத்திருக்கும் வீட்டுப் பையன்கள். வழக்கமாகப் பத்துப் பன்னிரண்டு பேர். கூட்டம் கூடினால் பதினாறு.

இந்த எண்ணிக்கையில்தான் எல்லாம் இருக்கிறது. பெங்களூரில் ஒருவர் வெறுத்துப்போய் நின்றுவிட்டால் அவர் இடத்துக்கு இன்னொருவர் வருவார். இங்கே ஒருவர் நின்றால் ஜோடி சேராமல் ஒரு ஆள் சும்மா உட்கார வேண்டும். இரண்டு பேர் நின்றால் அடுத்த மாதம் ரவுண்டே குறையும். ஜெயித்தவர் எப்படியும் வருவார். கடைசி இடம் பிடித்தவர் அடுத்த மாதம் வருகிறாரா என்பதை வைத்துத்தான் நான் போட்டி நன்றாக நடந்ததா என்று பார்க்கிறேன். இந்தப் புத்தி எனக்கு ஆரம்பத்தில் இல்லை. பரிசைப் பெரிதாக்கினால் கூட்டம் வரும் என்றுதான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

முதல் தவறு நாக்அவுட். கேரம் போட்டி, இறகுப்பந்துப் போட்டி எல்லாம் அப்படித்தானே நடக்கிறது என்று அட்டவணை போட்டு மாட்டினேன். 16 பேர் நாக்அவுட் ஆடினால் மொத்தம் 15 மேட்ச். முதல் ரவுண்டு முடிந்ததும் 8 பேருக்கு வேலை இல்லை. கோத்தகிரியிலிருந்து ஒரு மணி நேரம் பஸ்ஸில் வளைந்து நெளிந்து வந்த பையன் இருபத்தைந்து நிமிடத்தில் தோற்றுவிட்டு, அடுத்த பஸ் வரும்வரை மற்றவர்கள் ஆடுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றான். அவன் திரும்பி வர எட்டு மாதம் ஆனது.

இதற்கு மருந்து ஸ்விஸ் முறை. பிள்ளையை செஸ் போட்டிக்குக் கூட்டிப்போன பெற்றோருக்கு இது பழக்கமான சங்கதி. மாமல்லபுரத்தில் 2022இல் நடந்த செஸ் ஒலிம்பியாட்டும் 11 சுற்று ஸ்விஸ்தான். 1895இல் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் நடந்த ஒரு செஸ் போட்டியில் முதலில் கையாளப்பட்டதால் அந்தப் பெயர். இதில் யாரும் வெளியேறுவதில்லை. ஒவ்வொரு ரவுண்டிலும் ஒரே அளவு புள்ளி வைத்திருப்பவர்களை ஜோடி சேர்க்க வேண்டும், ஏற்கெனவே மோதியவர்களை மறுபடி மோதவிடக் கூடாது. ஜெயித்தால் 3 புள்ளி, சமன் ஆனால் 1, தோற்றால் 0. எட்டுப் பேர்வரை 3 ரவுண்டு, பதினாறு பேர்வரை 4, முப்பத்திரண்டு பேர்வரை 5. ஆட்கள் இரண்டு மடங்கானால் ரவுண்டு ஒன்றுதான் கூடும்.

16 பேர் 4 ரவுண்டு ஆடினால், சமன் எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டால், நான்கும் ஜெயித்தவர் ஒருவர், மூன்று ஜெயித்தவர்கள் நான்கு பேர், இரண்டு ஜெயித்தவர்கள் ஆறு பேர், ஒன்று ஜெயித்தவர்கள் நான்கு பேர், எதுவுமே ஜெயிக்காதவர் ஒருவர். 1, 4, 6, 4, 1. பத்தாம் நூற்றாண்டில் ஹலாயுதர் மேரு பிரஸ்தாரம் என்று விளக்கிய எண் அடுக்கின் ஒரு வரிசை இது. மலைப்பெயர் கொண்ட கணக்கு மலையூர்ப் போட்டியில் வந்து உட்கார்ந்தது எனக்கு ஒரு தனி சந்தோஷம். அது கிடக்கட்டும். கவனிக்க வேண்டியது நடுவிலிருக்கும் ஆறு. பெரும்பாலானவர்கள் ஜெயித்தும் தோற்றும் வீட்டுக்குப் போகிறார்கள். ஒன்றுகூட ஜெயிக்காமல் போகிறவர் பதினாறில் ஒருவர்தான். இரண்டு ரவுண்டு தோற்ற பிள்ளைக்கு மூன்றாவது ரவுண்டில் தன்னைப் போலவே இரண்டு தோற்ற ஒருவர்தான் எதிரே வருவார். முதல் வெற்றி அங்கேதான் கிடைக்கும். பயல்களின் முகம் மாறுவது எப்போதும் அந்த மூன்றாவது ரவுண்டில்தான்.

ஸ்விஸ்ஸுக்கு மாறியதும் நேரம் இடித்தது. 11:30க்கு ஆரம்பித்து, நான்கு ரவுண்டு முடித்து, அதற்கு மேல் முதல் நான்கு பேருக்கு அரையிறுதி, இறுதி என்று வைத்தோம். பெரிய ஊர்ப் போட்டிகளில் டாப் கட் என்பார்கள். அதைப் பார்த்துச் சூடு போட்டுக்கொண்டது. இறுதி ஆட்டம் முடியும்போது வெளியே இருட்டிவிடும். மலையில் இருட்டியபின் பஸ் குறையும், பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு நடக்கிற பாதையில் கரடியோ காட்டுமாடோ நிற்கும். பெற்றோர் போன் மேல் போன். கோத்தகிரிக் கூட்டம் நான்காவது ரவுண்டிலேயே மணியைப் பார்க்க ஆரம்பித்துவிடும், பஸ்ஸுக்காக விட்டுக்கொடுத்துவிட்டு ஓடும். அப்படி விட்டுக்கொடுத்த மேட்ச் ஒன்றால் யாரோ ஒருவர் அரையிறுதிக்குப் போனார். அன்றைக்கு வந்த சண்டை நியாயமான சண்டை.

பன்னிரண்டு பேர் கூடுகிற இடத்தில் டாப் கட் தேவையே இல்லை. 12 பேர் 4 ரவுண்டு ஆடினால் ஒன்றுகூடத் தோற்காமல் மிஞ்சுகிறவர் அதிகம் போனால் ஒருவர். அவரே முதலிடம். அதை மறுபடி ஒரு இறுதி ஆட்டம் வைத்துச் சோதிப்பானேன்? இரண்டு பேர் ஆடும்போது பத்துப் பேர் குளிரில் காத்திருக்கிறார்கள். அதை எடுத்துவிட்டோம். தொடங்கும் நேரத்தை 10:30க்கு முன்தள்ளினோம். ரவுண்டுக்கு 50 நிமிடம், ஜோடி போட்டுச் சொல்லி உட்கார 10 நிமிடம். மதியத்துக்குள் இரண்டு ரவுண்டு, 45 நிமிடம் சாப்பாடு, அப்புறம் இரண்டு ரவுண்டு. மூன்றரைக்கெல்லாம் பரிசும் கொடுத்து மேசையும் துடைத்துவிடலாம்.

50 நிமிடம் எதற்கு, மூன்று ஆட்டத்தில் இரண்டு என்று வைக்காமல் ஒரே ஆட்டமாக வைத்தால் 30 நிமிடத்தில் முடியுமே என்று கேட்பவர்கள் உண்டு. கணக்கு அவர்கள் பக்கம்தான். ஒரு ஆட்டத்தில் எதிராளியை வெல்ல 60 சதவீத வாய்ப்புள்ளவர், மூன்றில் இரண்டு என்று ஆடினால் 64.8 சதவீதம்தான் ஆகிறார். 70 சதவீத ஆட்டக்காரர் 78.4 ஆவார். இவ்வளவு நேரம் செலவழித்துத் திறமைக்குக் கிடைக்கும் கூடுதல் அவ்வளவே. ஆனாலும் நான் மூன்றையே பிடித்துக்கொண்டிருக்கிறேன். காரணம் வேறு. 60 கார்டில் ஒன்றை 4 பிரதி வைத்திருந்தாலும், முதல் 7 கார்டில் அதில் ஒன்றாவது வர வாய்ப்பு 40 சதவீதம்தான். கார்டே வராமல், ஒரு போகிமானைக்கூட வளர்க்க முடியாமல், ஐந்து நிமிடத்தில் தோற்கிற ஆட்டம் எல்லோருக்கும் வரும். ஒரே ஆட்டம் என்றால் அவ்வளவுதான், மீதி நேரம் ஜன்னலைப் பார்க்க வேண்டியதுதான். இன்னொரு ஆட்டம் இருக்கிறது என்றால் பிள்ளை மறுபடி கார்டைக் கலைக்கத் தொடங்குகிறது. ஜூலை மாதம் மழை அடித்து ஊற்றி, வழியில் மரம் விழுந்து பாதிப்பேர் தாமதமாக வரும் நாளில் மட்டும் ஒரே ஆட்டத்துக்கு மாறிவிடுவோம். அதை முதல் ரவுண்டுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். நடுவில் மாற்றினால் தொலைந்தோம்.

முன்பே சொல்ல வேண்டிய இன்னொன்று, சம புள்ளி எடுத்தவர்களில் யார் மேலே என்பது. இதுதான் அதிகக் கண்ணீர் வரவழைக்கிற இடம். "அண்ணா, நானும் மூணு ஜெயிச்சேன், அவனும் மூணு ஜெயிச்சான், அவன் மட்டும் எப்படி ரெண்டாவது?" அவரவர் மோதிய எதிராளிகள் அன்றைக்கு எவ்வளவு ஜெயித்தார்கள் என்ற விகிதத்தைப் பார்ப்பார்கள். முதல் ரவுண்டிலேயே தோற்றவர் அதன்பின் தோற்றவர்களோடு மோதித்தான் ஏறி வருகிறார். கடைசி ரவுண்டில் தோற்றவர் அதுவரை ஜெயித்தவர்களோடு மோதியவர். அதனால் பொதுவாக, தாமதமாகத் தோற்றவருக்கு இதில் லாபம். கேட்டால் நியாயமாகவே இருக்கும். ஆனால் பரிசு கொடுக்கும் நேரத்தில் முதல்முறையாகக் கேட்டால் பித்தலாட்டம் மாதிரி இருக்கும். இப்போது ஒரு சார்ட்டில் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டேன். பள்ளிக்கூடத்து நோட்டுக் கையெழுத்துத்தான், படிக்க முடிகிறது.

சுவரில் ஒட்டுவதற்கு இந்த மலையில் ஒரு முன்மாதிரி உண்டு. ஸ்னூக்கரை 1875இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்ற ராணுவ அதிகாரி உருவாக்கினார் (பின்னாளில் பிரதமரான அதே பெயர்க்காரர் அல்ல, இவர் வேறு). 1880களில் அதன் விதிகள் ஒழுங்குபடுத்தப்பட்டு மாட்டப்பட்டது ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில்.

பரிசுக்கு வருவோம். பரிசு என்பது பூஸ்டர் பாக்கெட், உள்ளே என்ன கார்டு என்று பிரித்தால்தான் தெரியும். ஆரம்பத்தில் முதல் பரிசுக்கே பாதிக்கு மேல் போகும். விளைவு என்ன? கோவையிலிருந்து மேலேறி வரும் நல்ல ஆட்டக்காரர் ஒருவர் வாரிக்கொண்டு போவார், உள்ளூரில் முணுமுணுப்பு எழும், வெளியூர்க்காரர்களை விடாதே என்று பேச்சு வரும். அவர்களை விடாமல் இருந்தால் நாம் கற்றுக்கொள்வது எப்படி? குளத்துத் தவளைதான் ஆவோம். நான் பங்கீட்டை மாற்றினேன். 12 பேர், 24 பாக்கெட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கொன்று 12 முதலில் போய்விடும், தோற்றாலும் ஜெயித்தாலும். மீதி 12ஐ மேலிருந்து 4, 3, 2, 2, 1 என்று கொடுப்போம். முதலிடக்காரருக்கு மொத்தம் 5 பாக்கெட். கோவைக்காரர் இன்றும் வருகிறார், ஐந்துக்குத்தான் வருகிறார். பாக்கெட்டுக்காக வருகிறார் என்று நினைத்தது என் தவறு. அவருக்கு ஆட ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

பரிசு பெரிதானால் இன்னொரு நோயும் வரும். கடைசி ரவுண்டில் இரண்டு பேர் தனியாகப் போய்ப் பேசி, நீ விட்டுக்கொடு, பாக்கெட்டில் பாதி தருகிறேன் என்பது. எந்தப் பெரிய கார்டு ஆட்டத்தின் போட்டி விதிகளிலும் இது குற்றம், தகுதி நீக்கம் வரை போகும். ஆளுக்கொன்று, மேலே நாலு என்று ஆனபின் பேரம் பேச அதில் ஒன்றுமில்லை.

கடைசி இடத்துக்கென்று தனிப் பரிசு மட்டும் வைக்காதீர்கள். நல்ல எண்ணத்தில் வைத்தோம், மூன்றாவது மாதமே ஒரு வாண்டு அதற்குக் குறிவைத்துத் தோற்க ஆரம்பித்தது. அதற்குப் பதிலாகக் குலுக்கலில் ஒருவருக்கு ஒரு சின்னப் பொருள். பாக்கெட்டைவிட எனக்குப் பிடித்தது பயன்படும் ஒற்றைக் கார்டுகளைக் கொடுப்பது. பாக்கெட்டில் வருவது அதிர்ஷ்டம். அல்ட்ரா பால், பாஸஸ் ஆர்டர்ஸ் மாதிரி எல்லா டெக்குக்கும் வேண்டிய கார்டுகள் புதியவரிடம் இருக்காது, பழையவரிடம் டப்பா நிறையக் கிடக்கும். ஒரு கார்டு பழையவர் டப்பாவிலிருந்து புதியவர் டெக்குக்குப் போனால் அடுத்த மாதம் மேசையில் ஒரு நல்ல எதிராளி.

காசுப் பரிசு கிடையாது, கட்டணம் இடத்துக்கும் டீக்கும் பாக்கெட்டுக்கும் போகிறது, கணக்கு யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிராக 2022இல் தமிழ்நாடு சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியதைப் பெற்றோர் எல்லோரும் செய்தியில் பார்த்திருக்கிறார்கள், கேட்கத்தான் செய்வார்கள். ரம்மியே பெருமளவு திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1967இல் சொன்னதை எடுத்துச் சொல்லி வாதாடுவதைவிட, ஒரு சனிக்கிழமை வந்து உட்கார்ந்து பாருங்கள் என்பது எளிது. வந்து பார்த்த ஒரு அப்பா இப்போது டெக் வைத்திருக்கிறார், மகளிடம் தோற்கிறார்.

புதிதாக வரும் பிள்ளையின் கையில் பெரும்பாலும் இருப்பது கடையில் பத்து இருபது ரூபாய்க்குக் கிடைக்கும் தங்க நிறப் பாக்கெட். அத்தனையும் போலி. எழுத்து தடித்திருக்கும், பின்புறத்து நீலம் வெளிறியிருக்கும், போகிமான் என்ற ஆங்கிலப் பெயரில் 'இ' எழுத்தின் தலையில் இருக்க வேண்டிய சின்னக் கோடு காணாமல் போயிருக்கும். அசல் கார்டின் ஓரத்தை உற்றுப் பார்த்தால் நடுவில் கறுப்பு இழை தெரியும், போலியில் தெரியாது. ஆனால் இதையெல்லாம் எல்லோர் முன்னாலும் விளக்கி அந்தப் பிள்ளையை அழவைக்கலாகாது. நான் ஒருமுறை செய்தேன். நல்ல வாத்தியார் மாதிரி விளக்கினேன், பிள்ளை கார்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு அம்மா பக்கத்தில் போய் நின்றுகொண்டது.

இப்போது இரவல் டெக் வைத்திருக்கிறோம். மொத்தம் ஆறு. அதில் இரண்டு, கடையில் 60 கார்டும் சேர்ந்தே கிடைக்கும் லீக் பேட்டில் டெக், மற்றவை ஆளுக்குக் கொஞ்சமாகக் கொடுத்துச் சேர்த்தவை. "உன் தங்கக் கார்டு பத்திரமா இருக்கட்டும்டா கண்ணு, இன்னிக்கு இதை வெச்சு ஆடிப் பாரு." முடிந்தது. இரவல் டெக் பலவீனமாக இருக்கக் கூடாது என்பது முக்கியம். நோஞ்சான் டெக்கைக் கொடுத்து நாலு ரவுண்டும் தோற்க வைத்தால் இரவல் கொடுத்த புண்ணியம் போய்விடும். அதோடு, சுலபமாக ஆடக்கூடியதாகவும் இருக்க வேண்டும். ஆறு கார்டைச் சங்கிலி போல் இணைத்தால்தான் வேலை செய்யும் டெக்கைப் பத்து வயதுக்காரரிடம் நீட்டாதீர்கள்.

அசல் கார்டு வைத்திருப்பவருக்கும் ஒரு பிரச்சினை உண்டு. ஸ்டாண்டர்டு என்ற வழக்கமான போட்டி முறையில் கார்டின் கீழ் மூலையில் அச்சிட்டிருக்கும் எழுத்தைப் பார்த்துப் பழையவற்றை அவ்வப்போது ஒதுக்கிவிடுவார்கள். போன வருடம் ஆசை ஆசையாகச் சேர்த்தது இந்த வருடம் ஆட முடியாது. மலையில் கார்டு கடை இல்லை, எல்லாம் கூரியரில்தான் வர வேண்டும். அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பழைய கார்டுக்கென்றே ஒரு சனிக்கிழமை விடுகிறோம். மேஜிக் ஆடுபவர்கள் இதைவிடக் கெட்டிக்காரர்கள். அவர்களிடம் பாப்பர் என்றொரு முறை உண்டு, காமன் என்ற சாதாரண ரகத்தில் அச்சான கார்டுகள் மட்டும். க்யூப் என்றொன்று உண்டு: ஒருவரே ஒரு பெட்டி நிறையக் கார்டு வைத்திருப்பார், எட்டுப் பேர் அதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அங்கேயே டெக் கட்டி ஆடுவார்கள், முடிந்ததும் கார்டு பெட்டிக்கே திரும்பும். யாரும் எதுவும் வாங்க வேண்டாம். ஆள் குறைவான மலையூருக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. போகிமானுக்கு அப்படி ஒரு பெட்டி சேர்க்கும் வேலை பாதியில் நிற்கிறது. என் சோம்பல்தான்.

இனி நீலகிரிக்கே உரிய தொல்லை: ஈரம்.

ஃபாயில் கார்டு என்பது அட்டையின் ஒரு பக்கம் மினுமினுக்கும் படலம் ஒட்டியது. அட்டை காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும், படலம் உறிஞ்சாது. ஈரம் கூடினால் அட்டை விரிய, படலம் விரியாமல் நிற்க, கார்டு வளைகிறது. வறண்ட இடத்துக்குக் கொண்டுபோனால் எதிர்ப்பக்கமாக வளையும். மிஸ்ட் இறங்கி ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிகிற குன்னூர் ஜூலையில் ஒரு டெக்கைத் திறந்து வைத்தால் மதியத்துக்குள் ஃபாயில் மட்டும் அப்பளம் போல் எழும்பிவிடும். இது அழகுப் பிரச்சினை மட்டுமில்லை. 60 கார்டுக் கட்டில் நாலு கார்டு மட்டும் வளைந்திருந்தால், கட்டை வெட்டும்போது விரல் தானாக அந்த இடத்தில் நிற்கும். மேலே இருப்பது எது என்று பார்க்காமலே தெரியும். விதிப்படி இது அடையாளமிட்ட கார்டு, ஆடுபவர் தெரிந்து செய்தாரோ தெரியாமல் செய்தாரோ தண்டனை உண்டு.

ஒரு மழைநாளில் பதின்மூன்று வயதுப் பையன் ஒருவனின் டெக்கில் இப்படி நாலு கார்டு நின்றது. எதிரே இருந்தவர் பெரியவர், வெளியூர். அவர் கையைத் தூக்கி ஜட்ஜைக் கூப்பிட்டார், அது அவர் உரிமை. நான் விதியைப் பார்த்து அந்த ஆட்டத்தைப் பையன் தோற்றதாக அறிவித்தேன். அந்த நாலும் அவன் தாத்தா பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்தது. அவனுக்கு ஏமாற்றத் தெரியாது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். இப்போது என்றால் முதலில் எச்சரித்து, அந்த நாலுக்கும் பதில் மினுக்காத கார்டு கொடுத்து, ஆட்டத்தைத் தொடரவிட்டிருப்பேன். உள்ளூர்ப் போட்டியில் தண்டனைக்கு முன் திருத்தம் வர வேண்டும். திரும்பத் திரும்ப நடந்தால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அதிலிருந்து முதல் ரவுண்டுக்கு முன் கால் மணி நேரம் டெக் பார்க்கிறோம். கட்டை மேசையில் வைத்துக் கண் மட்டத்தில் பக்கவாட்டில் பார்த்தால் போதும், வளைவு தெரிந்துவிடும். வழிகள் சாதாரணமானவைதான். எல்லாக் கார்டுக்கும் ஒரே மாதிரி ஸ்லீவ் (பிளாஸ்டிக் உறை), முடிந்தால் உள்ளே இறுக்கமாக இன்னொரு ஸ்லீவ். டெக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம், செருப்புப் பெட்டியில் வருமே அது. ஒரே கார்டு ஃபாயிலிலும் சாதாரணத்திலும் கிடைத்தால் ஆடுவதற்குச் சாதாரணம், ஆல்பத்துக்கு ஃபாயில். ஈரத்தில் ஸ்லீவ் ஒன்றோடொன்று ஒட்டி இரண்டு கார்டு சேர்ந்து வருவதும் உண்டு, மேசைக்கு மேசை உலர்ந்த துணி ஒன்று போட்டிருக்கிறோம். டீ வேளையில் வர்க்கி தின்ற கையோடு கார்டைத் தொட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. வர்க்கி வெளி வராந்தாவில் மட்டும். இந்த ஒரு விதிக்குத்தான் இன்றுவரை எதிர்ப்பு.

கலைப்பதைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். டேவ் பேயர், பெர்சி டயகோனிஸ் என்ற இரு கணிதர்கள் 1992இல், 52 சீட்டை இரண்டு பாதியாக்கிக் கோத்துக் கலைத்தால் ஏழு முறையில் நன்றாகக் கலைந்துவிடும் என்று காட்டினார்கள். 60 கார்டுக்கு இன்னும் ஓரிரண்டு சேர்த்துக்கொள்ளலாம். பிள்ளைகள் செய்வதோ கையில் வைத்துக்கொண்டு கொத்துக் கொத்தாக மேலிருந்து கீழே தள்ளுவது. அதில் சேர்ந்திருந்த கார்டு சேர்ந்தேதான் இருக்கும். ஏழு குவியலாகப் பிரித்து அடுக்குவதும் எண்ணிக்கை சரிபார்க்க உதவுமே தவிரக் கலைப்பது ஆகாது. கலைத்தபின் எதிராளி வெட்ட வேண்டும். இது ஊரில் ரம்மி பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, வெட்டுப் போடாமல் சீட்டு எடுத்தால் அங்கே கையைப் பிடித்துவிடுவார்கள்.

ஒற்றைப்படையில் ஆள் வந்தால் ரவுண்டுக்கு ஒருவருக்கு 'பை' விழும், ஆடாமலே 3 புள்ளி. பை வாங்குபவர் பெரும்பாலும் கீழே இருப்பவர், அதாவது ஆட வேண்டும் என்று ஏங்குபவர். அதனால் ஒற்றைப்படை நாளில் நான் உட்கார்ந்து ஆடுகிறேன், பரிசு வாங்கமாட்டேன். என் மேசையில் தகராறு வந்தால் தீர்ப்பு சொல்ல இன்னொருவர். நடத்துபவரே ஆடி, தானே தீர்ப்பு சொல்லி, தானே பரிசும் வாங்குகிற போட்டிகளைப் பார்த்திருக்கிறேன். அவை ஆறு மாதம் தாண்டுவதில்லை.

தாமதத்துக்கு மேஜிக் விதி கடுமை: ரவுண்டு தொடங்கிப் பத்து நிமிடம் ஆனால் மேட்ச் போச்சு. இங்கே முதல் ரவுண்டுக்கு மட்டும் கால் மணி தளர்வு, போனில் சொல்லியிருந்தால். "மாடு நிக்குதுண்ணா" என்று மெசேஜ் வந்தால் அது காட்டுமாடு, நகரும்வரை யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

மாதத்தில் எந்த நாள் என்பது தலைவலி. மே மாதம் மலர்க் கண்காட்சி, பழக் கண்காட்சி என்று சாலை நிரம்பும். 2024 மே 7 முதல் வெளி வண்டிகளுக்கு இ-பாஸ் வேறு, கோவைக்காரர்கள் அரசு பஸ்ஸில்தான் வருகிறார்கள். அக்டோபர், நவம்பரில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரியும், மலை ரயில் நிற்கும். ஜனவரியில் ஹெத்தையம்மன் பண்டிகை, படுகர் வீட்டுப் பிள்ளைகள் யாரும் வரமாட்டார்கள், வரவும் கூடாது. மார்ச்சில் பரீட்சை. எல்லோருக்கும் தோதான நாள் பார்த்துத் தள்ளித் தள்ளி ஒரு வருடம் ஐந்து போட்டிதான் நடந்தது. இப்போது இரண்டாவது சனி என்றால் இரண்டாவது சனிதான். ஆறு பேர் வந்தாலும் நடக்கும். ஆறு பேர் என்றால் ஸ்விஸ் வேண்டாம், எல்லோரும் எல்லோரோடும் ஒரே ஆட்டமாக ஐந்து ரவுண்டு.

கூடலூர்க்காரர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். ஊட்டிக்கே அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர், அதற்கப்புறம் குன்னூர். விடிவதற்கு முன் கிளம்பி வருகிறார்கள், முதல் ரவுண்டு தொடங்கும்போது ஒருவன் எப்போதும் வாந்தி எடுத்த முகத்தோடு இருப்பான். செப்டம்பர் சனிக்கிழமையை அங்கே வைக்கலாம் என்று பேச்சு. ஒருவனுடைய மாமா ஹார்டுவேர் கடை மாடியைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மேசை மூன்றுதான் இருக்கிறதாம், ஆறு வேண்டும். இரவல் டெக்கையும் சார்ட்டையும் நான் பஸ்ஸில் எடுத்துப் போவேன். மேசைக்கு என்ன செய்வது என்று அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.